பிரேக்கே தொடாத ரூத் அக்கா

ரூத் அக்கா இறந்த செய்தி அவர் பெயரிலிருந்தே வந்தது. நான் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் கல்பாக்கம் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ரேஸ் கேம் குழுவில் ஐந்து மாதமாக ஒரு வார்த்தைகூடப் பேசாத அந்தப் பெயர், ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. கடைசியில் எங்களைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வந்தது இதுதான்: “நான் ரூத்தோட தம்பி சாமுவேல். அக்கா நேத்து தவறிட்டாங்க. டெங்கு. நாளைக்கு காலைல பதினோரு மணிக்கு சதுரங்கப்பட்டினத்துல அடக்கம். அக்கா கூட கேம் ஆடனவங்க வரணும்னா வாங்க.”

ஒரு நிமிடத்துக்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றில் பாதிக்கு மேல், ஐந்து மாதத்துக்கு முன் அவர் பெயரைச் சாதனைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிக் கட்டைவிரல் உயர்த்திய கைகள். என் கையும் அதில் ஒன்று. ‘அமைதியான பொண்ணு, தங்கமான மனசு’ என்று குழுவில் எழுதியிருக்கிறீர்கள். ரூத் அக்கா அமைதியான பொண்ணு இல்லை. நம் எல்லாரையும்விட வேகமாக ஓட்டியவர். முதலில் அதைச் சொல்லுங்கள். மனசைப் பற்றி அப்புறம் பேசலாம்.

குழுவில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டு, புதுப்பட்டினம், மாமல்லபுரம், படூர் என்று இந்தப் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர் சேர்ந்து ஆடுகிறோம். பெரும்பாலானவர்கள் முகம் பார்த்ததில்லை. ஆனால் யார் எப்படி ஓட்டுவார்கள் என்று தெரியும். பெயரை மறைத்துவிட்டு ரீப்ளே போட்டால் நான்காவது வளைவுக்குள் ஆளைச் சொல்லிவிடுவோம். குழுவை நடத்தும் படூர் விக்னேஷ் அண்ணன் கடைசி நொடி வரை பிரேக் அடிக்காமல் வந்து, உள்பக்கம் மூக்கை நுழைப்பார். நான் தேவையே இல்லாத இடத்திலும் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுப் புகை கிளப்புவேன்; பார்க்க அழகாக இருக்கும், நேரம் போய்விடும். ரூத் அக்கா ஓட்டினால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். புகை இல்லை, சத்தம் இல்லை, சாலையில் ஒரு கருப்புக் கோடு இல்லை. வளைவுக்கு ரொம்ப முன்னாடியே வேகம் குறையும். தூங்கிவிட்டாரோ என்று தோன்றும். வளைவிலிருந்து வெளியே வரும்போது நமக்கு முன்னால் இருப்பார்.

விக்னேஷ் அண்ணன் கேமுக்குள் சொந்தமாக ஒரு பாதை கட்டியிருந்தார். மாமல்லபுரம் கடற்கரையில் தொடங்கி, உப்பங்கழிப் பாலம் தாண்டி, சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவரை ஒட்டித் திரும்பி முடியும். அதை வெளியிட்ட அன்று ரூத் அக்கா வாய்ஸில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணாத்த, எங்கூரு கோட்டை செவுரு இவ்ளோ சுத்தமா எங்க கீது? செவுத்து மேல ஒரு ஆட்ட நிக்க வையி, அப்பதான் எங்கூரு.” அண்ணன் நிஜமாகவே ஓர் ஆட்டை நிறுத்திவைத்தார். இரண்டே வாரத்தில் அதே பாதையில் ரூத் அக்கா ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று நொடி ஓட்டினார். கட்டியவரின் சாதனை அதைவிட ஏறக்குறைய ஒரு நொடி அதிகம்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. ரீப்ளேயில் திரையின் ஓரத்தில் இரண்டு கோடுகள் ஓடும். ஆக்சிலேட்டர் அழுத்தினால் பச்சை, பிரேக் அழுத்தினால் சிவப்பு. ரூத் அக்காவின் ரீப்ளேயில் சிவப்புக் கோடு ஒருமுறைகூட எழவில்லை. பதினேழு வளைவு, ஒன்றில்கூட பிரேக் இல்லை. இது மனிதர் ஓட்டியதில்லை, ஏதோ ப்ரோகிராம் போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: சந்தேகம் வந்தால், ஓட்டும்போது கையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அக்காவிடம் கேட்டார்கள்.

“விக்னேஷ் அண்ணாத்தகிட்ட எத்தினி வாட்டி கைய கேட்டீங்க?” என்றார்.

“அவர் மேல யாருக்கும் டவுட் வரலியே” என்றான் ஒருவன்.

“அப்ப என் மேல மட்டும் இன்னாத்துக்கு வருது? ரீப்ளே முழுசும் உங்க கிட்டதான கீது. ஓட்டினத பாரு. கைய காட்ட நான் இன்னா திருடியா?”

அவ்வளவுதான் பேசினார். வாக்கெடுப்பு வைத்தோம். இருபத்தாறு கட்டைவிரல். பட்டியலிலிருந்து பெயர் போனது. அவர் குழுவைவிட்டு வெளியேறவில்லை. வாயைத் திறக்காமல் உள்ளேயே இருந்தார். அது வெளியேறுவதைவிடக் கஷ்டம் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு கல்யாண வீடியோ வேலைக்காகப் புதுப்பட்டினம் போயிருந்தேன். தொண்டை கட்டிக்கொண்டதால் கடைத்தெரு மருந்துக்கடைக்குள் நுழைந்தேன். “எத்தினி நாளா கீது? சளி வருதா?” என்று கேட்ட குரல் உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ரசீது போடும் இடத்தில் ஒல்லியாக ஒரு பெண், இருபத்தேழு வயது இருக்கும். நான் குழுவில் வைத்திருக்கும் பெயரைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஓ. கட்டைவிரல் போட்ட ஆளு. பதினாலாவது விரல் உன்னுது. எண்ணிகினு இருந்தேன்.”

மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, “ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சி வூட்லதான் இருப்பேன். பாக்கணும்னா வா. கேமரா எடுத்துகினு வராத” என்றார்.

போனேன். மீனவர் குடியிருப்பைத் தாண்டி, சின்ன வீடு. ஏசி மெக்கானிக்காக வேலை பார்க்கும் தம்பி சாமு பழையதாக வாங்கிய கேம் பெட்டி, அதற்குமேல் பழைய கண்ட்ரோலர். அதில் இடப்பக்கம் பிரேக் பட்டன் இருக்க வேண்டிய இடம் கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை.

“வாங்கும்போதே அப்டித்தான். நான் இன்னா கண்டேன்? இந்த கேம்ல பிரேக்கே கெடையாது போலன்னு நெனச்சிகினு எட்டு மாசம் ஓட்டினேன்” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

“யாரும் சொல்லலியாக்கா?”

“ஒரு நாளு வாய்ஸ்ல விக்னேஷ் யாரையோ பாத்து ‘பிரேக்க லேட்டா அடிடா’ன்னு கத்தனாரு. ஓகோ, அப்டி ஒண்ணு கீதான்னு அன்னைக்குத்தான் தெரியும். சாமு புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தான். ரெண்டு நாளு பிரேக்கு போட்டு ஓட்டினேன். நாலு செகண்டு லேட்டு. தூக்கி பரண் மேல வெச்சிட்டேன்.”

பிறகு ஓட்டிக் காட்டினார். வலதுவிரல் வளைவுக்கு வெகு முன்னால் ஆக்சிலேட்டரிலிருந்து மெல்ல எழும். இரண்டு கியர் இறக்குவார், கோட்டை வளைவில் மட்டும் மூன்று. என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நாங்கள் பிரேக் அடித்துக் குலுங்கிய வண்டியைச் சரிசெய்துகொண்டிருக்கும் நேரத்தில் அவர் மறுபடி ஆக்சிலேட்டரில் இருப்பார். “வளைவு எங்கயும் ஓடிப்பூடாது. நாமதான் மின்னாடியே ரெடியாவணும்” என்றார். அவர் அம்மா எனக்கு டீ கொடுத்துவிட்டு, “இதுக்கா சண்டை போட்டீங்கோ?” என்று கேட்டார்.

இதைப் படம் எடுத்துக் குழுவில் போடுகிறேன் என்று கெஞ்சினேன். ஒத்துக்கொள்ளவில்லை. “நீ பாத்துட்ட இல்ல? போயி வாயால சொல்லு. நீ சொல்லியும் ஒருத்தன் நம்பலன்னா அது அவன் பேஜாரு.”

நான் சொல்லவில்லை. அன்று மாலை எழுதினேன், அழித்தேன். அடுத்த வாரமும் அதே. விக்னேஷ் அண்ணன் என்ன நினைப்பாரோ, என்னையும் திருட்டுக் கூட்டம் என்பார்களோ என்று பயம். மூன்று மாதம் அப்படியே போனது. பிறகு சாமுவின் செய்தி வந்தது. இதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு உரிமை இல்லை.

அடக்கத்துக்கு எட்டுப் பேர் போனோம். திரும்பும்போது விக்னேஷ் அண்ணன், “ரூத் பேரை மறுபடி மேல போட்டுடலாம். பக்கத்துல ‘நினைவாக’ன்னு எழுதிடுவோம். அந்த ட்ராக்கையே பூட்டிடலாம், இனிமே யாரும் ஓட்ட வேணாம். மரியாதையா இருக்கும்” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் கண் கலங்கித்தான் இருந்தது, பொய்யில்லை.

“வேணாம்ண்ணா” என்றேன்.

“என்னடா வேணாம்?”

“உயிரோட இருக்கசொல்ல திருடி. செத்தா திருடி இல்லியா? சாவு இன்னா ப்ரூஃபா?”

“மச்சான், இந்த நேரத்துல என்ன பேச்சு இது?” என்றான் கூட வந்த ஒருவன்.

“நீங்க மன்னிக்கிறீங்கண்ணா. அவங்க ஒண்ணுமே பண்ணல. நம்ம தப்புன்னு எழுதிட்டு பேர போடுங்க. ‘நினைவாக’ வேணாம். பூட்டவும் வேணாம். நான் பாத்தேன், அவங்க கைய நான் பாத்தேன்.”

“இத்தனை நாளா எங்கடா போயிருந்த?”

நியாயமான கேள்வி. அந்தத் தெருவிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “உன்ன நம்பறேன். ஆனா நாப்பது பேர் நம்பணும். பிரேக் இல்லாம அந்த ட்ராக்ல ஓட்டலாம்னு காட்டு. நீயே எழுதற வார்த்தைய நான் போடறேன்.”

என் கண்ட்ரோலரைப் பிரித்து இடப்பக்கப் பட்டனைக் கழற்றி எறிந்தேன். மூன்று வாரம் கோட்டைச் சுவரில் மோதினேன். ஐந்து வருடமாகப் பழகிய இடதுவிரல், இல்லாத பட்டனைத் தேடிக்கொண்டே இருந்தது. எனக்கு அக்கா கற்றுக்கொடுக்கவில்லை, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தது மட்டும்தான். மீதி எல்லாம் அவர் ரீப்ளேயைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பிடித்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் படூரில் விக்னேஷ் அண்ணன் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அவருடைய ஸ்டியரிங், பெடல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, என் ஓட்டைக் கண்ட்ரோலரை மாட்டினேன். கைக்குமேல் அவரே போனைப் பிடித்துக்கொண்டார். குழு முழுவதும் நேரலையில் பார்த்தது. முதல் இரண்டு முறை சுவரில் மோதினேன். மூன்றாவது முறை ஒரு நிமிடம் ஐம்பத்து நான்கு புள்ளி ஆறு. அக்காவைவிட இரண்டு நொடிக்கு மேல் அதிகம். ஆனால் சிவப்புக் கோடு ஒருமுறைகூட எழவில்லை. அண்ணன் கண்ட்ரோலரை வாங்கி அவரே ஓட்டிப் பார்த்தார். கோட்டை வளைவில் நேராகச் சுவருக்குள் போனார்.

“இந்த வளைவ நான்தான் வரைஞ்சேன். இதுல இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்கே தெரியலடா” என்றார்.

அன்றே குழுவில் போட்டார்: “ரூத் ஓட்டியது நேர்மையான ஓட்டம். நீக்கியது எங்கள் தவறு. பெயர் அதன் இடத்துக்குத் திரும்புகிறது. பாதை எல்லாருக்கும் திறந்திருக்கிறது.” வேறு ஒரு வார்த்தை இல்லை. பெயருக்குப் பக்கத்தில் பூ இல்லை, மெழுகுவத்தி இல்லை.

எட்டே நாள். படூரில் கல்லூரியில் படிக்கும் ஷாலினி ஐம்பத்திரண்டு புள்ளி ஒன்று ஓட்டிவிட்டாள். ரூத் அக்கா இரண்டாவது இடத்துக்கு இறங்கினார். குழு கொந்தளித்தது. நாற்பது நாள்கூட ஆகவில்லை, மனசாட்சி இல்லையா என்று அந்தப் பெண்ணைக் கிழித்தார்கள். அவள் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். “அண்ணா, அந்த டைம டெலிட் பண்ணிடட்டுமா?”

“டெலிட் பண்ணு, நானே உன்ன குரூப்ப வுட்டு தூக்கிடுவேன்” என்றேன். “அவங்கள ஒரு ஆளா மதிச்சி முந்தன மொத ஆளு நீதான்.”

இதை இங்கே எல்லாருக்கும் சொல்கிறேன். பாவம் பார்த்து மேலே உட்காரவைத்த பெயரை யாரும் துரத்த மாட்டார்கள். துரத்தும் அளவுக்கு அந்த நேரம் உண்மையானது என்பதை நம் எல்லாருக்கும் முன்னால் நிரூபித்தவள் ஷாலினி. அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

அக்காவின் அம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். மறைக்கப் பிடிக்கவில்லை.

“ரெண்டாவதா? எவ அவ?”

“படூர்ல காலேஜ் படிக்கிற பொண்ணும்மா.”

“எவ்ளோ முந்திட்டா?”

“கண்ண மூடித் தொறக்கற நேரம்கூட இல்லம்மா.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார்: “ரூத்து இருந்தான்னா இந்நேரம் சோறு துன்னாம அதும் மின்னாடியே குந்திகினு இருப்பா. அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும். ஆனா நைனா, அவள ரொம்ப நாளு மொதல்லயே இருக்க வுடாதீங்கோ.”

ரூத் அக்காவின் புகைப்படம் எதுவும் என்னிடம் இல்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு நேரம்: ஒரு நிமிடம், ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று நொடி. நேற்று நான் ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்பதுக்கு வந்துவிட்டேன், பிரேக் தொடாமல்தான். பட்டியலில் எனக்கு மேலே எட்டுப் பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டாவதாக இருப்பவரை ஒரு நாள் முந்துவேன். முந்தினால் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.