மனோஜ்குமார் வெட்டாத படம்

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் மனோஜ்குமாருக்கு வேலை. வேலை என்னவென்றால் சந்தேகப்படுவது. வாடிக்கையாளர் அனுப்பிய துணித்துண்டையும் பட்டறையில் சாயமேறிய துணியையும் விளக்குப் பெட்டிக்குள் அருகருகே வைத்துப் பார்ப்பார். மற்றவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் கண்ணுக்கு ஒன்றில் மஞ்சள் ஒரு பொடி தூக்கலாக இருக்கும். கிட்டத்தட்ட அதே கலர்தான் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், அன்று முழுக்க அதற்காக வருந்த வேண்டியிருக்கும்.

வாரமெல்லாம் நிறத்துக்கு இவ்வளவு விசுவாசமாக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை கேமராவும் கையுமாகக் கிளம்பினால் வேறு ஆள். உக்கடம் குளத்து நீரை ஆரஞ்சு ஆக்கினார். மதுக்கரை மலைக்கு ரோஜா நிறம் பூசினார். ஓர் எருமை பச்சையாகிக் கோவைப் புகைப்படச் சங்கத்தில் பாராட்டு வாங்கியது. இருப்பதை இருக்கிறபடி காட்ட முகம் பார்க்கும் கண்ணாடி போதும், கேமரா எதற்கு என்பது அவர் வாதம்.

நிறத்தை மாற்றுவதோடு விடாமல் வெட்டவும் செய்தார். டவுன் பஸ் கண்டக்டர் ஒருவரை வெயிலில் நிறுத்தி, சிரிக்கச் சொல்லி, பல கோணங்களில் எடுத்தார். கடைசியில் படத்தில் மிஞ்சியது தோல்பையும் விசிலும்தான்.

"தலையை வெட்டிப்போடறதுக்கு எதுக்குங்க அந்த மனுசனைச் சிரிக்கச் சொன்னீங்க?" என்று கேட்டாள் மனைவி நந்திதா.

அந்தச் சிரிப்பு பையில் தெரிகிறது என்றார். அவள் பையை உற்றுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெட்டிய பிறகு மூலப்படத்தை அழித்துவிடுவது அவருடைய வழக்கம். ஆய்வுக்கூடத்தில் கற்ற பாடம் அது. தள்ளுபடியான துணித்துண்டை மேசையில் விட்டுவைத்தால், என்றாவது ஒருநாள் அது தேறிய துண்டுகளோடு கலந்துவிடும். ஆகவே உடனே குப்பைக்கூடை. முழுப்படத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு வெட்டுகிறவன் வெட்டவே இல்லை என்று சங்கத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தார்.

இந்த நிலையில் தம்பி சுரேந்தரின் கல்யாணம் வந்தது.

கொங்கு வெள்ளாளர் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. பெண்ணுக்கான கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும், மறுமுனையை அவன் உடன்பிறந்தவளும் பிடித்து நிற்க வேண்டும். பிறந்த வீட்டில் அவளுக்குள்ள உரிமை என்றைக்கும் போகாது என்று ஊர் பார்க்கச் சொல்லும் சடங்கு. இவர்களுடைய அக்கா சண்முகப்பிரியாவுக்கோ அந்த உரிமை எப்போதோ போயிருந்தது. மதுக்கரை சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஜெரோமைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்பா செங்கோடன் அவளோடு பேசவில்லை. சீருக்குப் பெரியப்பா மகளை நிறுத்தலாம் என்று பங்காளிகள் முடிவு செய்தார்கள். சொந்த அக்கா நிற்காவிட்டால் தாலி கட்ட மாட்டேன் என்று சுரேந்தர் உட்கார்ந்துகொண்டான். மண்டபம் புக் ஆகிவிட்டிருந்தது. செங்கோடன் இறங்கி வந்தார்.

மேடையில் சேலை முனை அவள் கையிலிருந்து நழுவியது. செங்கோடனே குனிந்து, அதை அவள் கைக்குள் வைத்து மூடினார். "நல்லாப் புடிச்சுக்க அம்மணி" என்றார். பேசாமலிருந்த அத்தனை வருடங்களுக்கும் சேர்த்து அவ்வளவுதான் பேச்சு. பிறகு பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

வெளியூரிலிருந்து வந்த கல்யாணப் புகைப்படக்காரர்களுக்கு இணைச்சீர் என்றால் என்னவென்று தெரியாததால், அந்நேரம் அவர்கள் பெண்ணின் மருதாணியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையோரம் கேமராவோடு நின்றவர் மனோஜ்குமார் மட்டுமே. அக்கா அந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சங்கத்தின் கண்காட்சிக்கு வந்து பாருங்கள் அக்கா என்று சொல்லிவைத்தார்.

ஜெரோமோடு வந்தாள். சுவரில் பெரிய படம். இருட்டுக்குள் இரண்டு கைகள், நடுவே விறைப்பாக ஒரு சேலை. சிவப்புச் சேலை கருநீலமாகியிருந்தது. தலைப்பு ‘இழுபறி’. முதலாளியும் தொழிலாளியும் என்று பக்கத்தில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இதுல நானெங்க தம்பி?"

"வலது பக்கத்துக் கை உங்களுதுதானுங்க அக்கா."

"அப்பா?"

"அவரு குறுக்க வந்தாருங்க. வெட்டிப்போட்டேன்."

"மாமனாரு பல வருசமாச் செஞ்சதை மச்சான் ஒரு நிமிசத்துல செஞ்சுட்டாப்ல" என்றார் ஜெரோம், சுவரைப் பார்த்தபடியே.

அக்கா சிரிக்கவில்லை. முழுப்படம் இருக்குமல்லவா என்று கேட்டாள். அழித்த கதையைச் சொன்னார். கொள்கையையும் சேர்த்துச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"டிவிக்கு மேல ஆணி அடிச்சு வெச்சிருக்கேன் தம்பி" என்றாள். கண்காட்சியில் கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பட்டறைக்கு லீவு போட்டார். அழித்த படத்தை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தார். அழிந்த இடத்தின்மேல் குளங்களும் எருமைகளும் ஏறி உட்கார்ந்திருந்தன. சீரை இன்னொரு தடவை செய்து படமெடுக்கலாமா என்று, கல்யாணச் சீர்களை நடத்திவைத்த அருமைக்காரரிடம் மெல்லக் கேட்டார். நடந்த கல்யாணத்தின்மேல் சந்தேகமா என்று அவர் திருப்பிக் கேட்டதும் பேச்சு முடிந்தது.

கடைசியாகத்தான் மண்டபத்தில் கிரேன் கேமரா ஆட்டிக்கொண்டிருந்த கண்ணையாவின் நினைவு வந்தது. அவர் அந்நேரம் காபிக்குப் போயிருந்தாராம். கேமராவை நிறுத்த மறந்துவிட்டாராம். ஆளில்லாமல் ஓடியதில் என்ன சார் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே தேடிக் கொடுத்தார்.

எல்லாம் இருந்தது. உச்சியிலிருந்து எடுத்த காட்சி. கீழே சுரேந்தரின் தலைப்பாகை, செங்கோடனின் வழுக்கை, சற்றே நிமிர்ந்து அப்பாவைப் பார்க்கும் அக்காவின் முகம். மேடை விளக்கின் தயவில் மூவரும் கத்தரிக்காய் நிறம். மேலே மின்விசிறியின் ஓர் இறக்கை. மூலையில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர். மனோஜ்குமார் தன் வாழ்நாளில் இவ்வளவு மோசமான படத்தைப் பார்த்ததில்லை. அந்த நொடியை வீடியோவிலிருந்து படமாகப் பிரித்து, கணினியில் ஏற்றிக்கொண்டு மதுக்கரைக்குப் போனார்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். அவர் விரல்கள் சும்மா இருக்கவில்லை. இந்த ஊதாவை மட்டும் எடுத்துவிடட்டுமா என்றார். வேண்டாம் என்றாள். அன்றைக்கு அந்த வெளிச்சம்தான் இருந்ததாம்.

"அந்த வாழைப்பழத்துக்காரரையாச்சும் வெட்டிப்போடறனுங்க அக்கா. படமே கெட்டுப்போகுது."

"அவரு ஆருன்னு தெரீலயா? நான் சீருக்கு நிக்கக் கூடாதுன்னு ஊடு ஊடாப் போய்ச் சொன்ன பங்காளி. நல்லாப் பாரு, பழத்தை உட்டுப்போட்டு எங்களைத்தான் பாக்கறாரு." படத்தின் மூலையை விரலால் தொட்டாள். "அவரு இருக்கட்டும்."

அப்படியே அச்சாகி, டிவிக்கு மேலே அந்த ஆணியில் ஏறியது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றும் விளங்குவதில்லை. அக்கா எழுந்து வந்து, இது அப்பா, இது நான், இது இன்னார் என்று ஒவ்வொரு தலையாகக் காட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் அவளுக்கு அலுப்பு வருவதாகத் தெரியவில்லை.

யார் எடுத்தது என்று கேட்கிறார்கள். என் தம்பிதான், பெரிய போட்டோகிராபர் என்கிறாள். அவர் எடுக்காத, வெட்டாத, நிறம் மாற்றாத அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்காரும்படியாக மனோஜ்குமார் அந்த வீட்டில் ஒரு நாற்காலியைத் தேர்ந்து வைத்திருக்கிறார்.