வாரம் ஒன்று

அச்சகத்தில் அவளைக் காற்புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காற்புள்ளிக்காக ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தியவள் என்று பேர். உண்மையில் அது காற்புள்ளியே இல்லை, தசமப் புள்ளி. குழந்தைகளின் இருமல் மருந்தோடு வைக்கும் தாளில் இரண்டரை மில்லி இருபத்தைந்து மில்லியாகி, நாலு பேர் கண்ணுக்குத் தப்பி, இயந்திரம் வரைக்கும் போய்விட்டது. மை காயாத முதல் தாளைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் "நிறுத்துங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் மேல்மாடியிலிருந்த முதலாளியே இறங்கி வந்துவிட்டார். அதற்கப்புறம் பதினோரு வருஷம், மருந்துக் கம்பெனி வேலை எதுவும் அவள் கையெழுத்து இல்லாமல் அச்சேறியதில்லை. முதலாளி வாய் திறந்து பாராட்டுகிற ஆள் இல்லை. ஆனால் புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால், "அந்தம்மா பாத்தாச்சுன்னா அப்புறம் நீ பாக்க வேண்டாம்" என்பார். அவளுக்கு அது போதும். வாழ்க்கையில் அவள் சம்பாதித்தது என்று சொன்னால் அந்த ஒரு வாக்கியம்தான்.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, யாரும் படிக்காமல் கசக்கிப் போடுகிற தாள், அதைப் படிப்பதுதான் அவள் பிழைப்பு. காகிதக் கிடங்குக்குப் பக்கத்தில் தரைக்குக் கீழே ஓர் அறை. ஜன்னல் கிடையாது, இரண்டு குழல் விளக்குகள், ஒரு மேஜை. எதிரே உட்கார்ந்து ஒரு சின்னப் பெண் மூலத்தை உரக்க வாசிப்பாள். இவள் அச்சுப்படியில் அடிக்கோலை வரிவரியாக இறக்கிக்கொண்டே வருவாள். "வாந்தி காற்புள்ளி மயக்கம் காற்புள்ளி மலச்சிக்கல் முற்றுப்புள்ளி" என்று நாள் முழுக்க ஓடும். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மாலை ஆறு மணிக்கு வெளியே வருவாள். இருபத்திரண்டு வருஷம் இப்படி. வெயிலை அவள் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போதுதான்.

புருஷனுக்கு நேர் எதிரான பிழைப்பு. மின்சாரக் கணக்கெடுப்பவராக முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகப் போய், வெயிலில் காய்ந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதிலும் மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறுவார். கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றே கால்தான்; நாலாவது காலை எண்ணிக் காட்டினால் அதை ஒடித்துவிட்டாவது மூன்று என்பார். காய்ச்சல் பரவிய வருஷம் அவருடைய அண்ணன் ஒன்பதே நாளில் போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே மந்திரம், எதிர்ப்பு சக்தி. கைப்பேசியில் வருவதையெல்லாம் படித்துவிட்டு அக்கம்பக்கத்துக்கு வைத்தியம் சொல்வார். சனங்களும் கேட்டுக்கொண்டன. சும்மா கிடைக்கிற ஆலோசனையை யார் வேண்டாம் என்பார்கள்?

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் கால்வலி வந்தது. படி இறங்கினால் முழங்கால் பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தெரு டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "வைட்டமின் டி அடிமட்டத்துல இருக்கும்மா. வெயில்ல நடக்கறதே இல்லையா?" என்று கேட்டார். அறுபதாயிரம் யூனிட் மாத்திரை, வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்து காட்டச் சொன்னார். விஷயம் அவ்வளவுதான். எட்டே மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது.

மூன்றாவது வாரத்தில் வலி கொஞ்சம் குறைந்தது. மாத்திரையால் குறைந்ததோ, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததோ, புருஷனுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. கடைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தார். மறுநாள் காலை டீயோடு ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"நேத்துதானே சாப்பிட்டேன். இது வாரத்துக்கு ஒண்ணுங்க."

"உனக்கு வாரத்துக்கு ஒரு வேளை சோறு போட்டா போதுமா? இருபது வருஷமா வத்திக் கிடக்கிற தொட்டி. வாரத்துக்கு ஒரு சொட்டு விட்டா எப்ப நிரம்பும்?"

"அட்டையிலேயே போட்டிருக்குங்க. டாக்டரும் அதான் சொன்னாரு."

"டாக்டருக்கு என்ன, நீ வாராவாரம் வந்து நின்னாத்தான் அவருக்குப் பிழைப்பு. எங்க அண்ணனும் டாக்டர் சொன்னதைத்தான் கேட்டான். ஒம்போது நாளு. வாயைத் திற."

மருந்துத் தாள் படிப்பவள் அல்லவா, இது அவளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். இதே மருந்தின் தாளை இரண்டு முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டவள். அளவு மீறினால் என்ன வரும் என்பது தலைகீழாக ஒப்பிக்கத் தெரியும். அதையும் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளெல்லாம் வைத்தியம் பாக்க ஆரம்பிச்சா நாடு உருப்படும்" என்று அவர் சிரித்தார். அவளுக்கும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எழுத்துச் சரியா என்று பார்ப்பதுதானே தன் வேலை, அர்த்தத்துக்குத் தான் யார்? அதோடு முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம் வேறு இருந்தது. அவரோடு ஒரு விஷயத்துக்கு வாதாடினால் ஒன்பது நாள் வீட்டில் பேச்சு இருக்காது. ஒரு மாத்திரையை விழுங்க ஒரு வாய்த் தண்ணீர் போதும். தொண்டை அசைகிற வரைக்கும் அவர் எதிரிலேயே நிற்பார். அவர் மட்டும் ஒன்றுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. "எனக்கு எதுக்கு? நான்தான் வெயிலைக் குடிச்சு வளந்தவனாச்சே" என்பார்.

இரண்டு மாதம் போயிற்று. தாகம் எடுத்தது. அச்சகத்துக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோனாள், பிறகு மூன்று. அறைக்கும் கழிப்பறைக்கும் நடையாய் நடந்தாள். வயிறு கட்டிக்கொண்டது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. ஒவ்வொன்றாகப் புருஷனிடம் சொன்னாள். "பாத்தியா, எதிர்ப்பு சக்தி எவ்வளவு கம்மியா இருக்கு உனக்கு!" என்று கவலைப்பட்டார். நிஜமாகவே கவலைப்பட்டார், அதுதான் கொடுமை. அந்தக் கவலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாகக் கொடுத்தார்.

மூன்றாவது மாதம் எழுத்துகள் ஊர ஆரம்பித்தன. ஒருநாள் அந்தச் சின்னப் பெண் வாசித்து முடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, "அக்கா, ஏழாவது வரி அச்சுல இல்லவே இல்லையே, நீங்க சரின்னு போட்டுட்டீங்க" என்றாள். ஒரு முழு வரி. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் அச்சகத்துப் படியில் இறங்கும்போது தலை சுற்றி, கடைசி நாலு படி உருண்டு, தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டாளாம். தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ரத்தத்தில் கால்சியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது, சிறுநீரகம் அடிபட்டிருந்தது. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். நாலாம் நாள் நினைவு தெளிந்தது. ஐந்தாம் நாள் டாக்டரம்மா ஒருத்தி கட்டிலருகே வந்து நின்றாள், இவளுக்கு மகளாக இருக்கிற வயதுதான். புருஷனிடமிருந்து வாங்கிய காலி அட்டைகள் அவள் கையில் இருந்தன.

"இதை யாரு தினமும் சாப்பிடச் சொன்னது?"

புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை நடுங்கி அவள் பார்த்ததில்லை. அண்ணன் பிணத்தை எடுத்தபோதுகூட நடுங்கவில்லை. பாவமாக இருந்தது. பெற்ற பிள்ளை பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"நான்தான் டாக்டர்" என்றாள். "வாரத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருந்ததைச் சரியாப் பாக்கலை."

டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே எழுதினாள். நோயாளி அளவைத் தவறாகப் படித்துத் தானாக எடுத்துக்கொண்டது. நாலு சுவருக்குள் போகிற பேச்சு, போகட்டும் என்று நினைத்து இவள் கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்தபோது புருஷன் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நன்றி என்று வாயால் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, தெரிந்துகொண்டாரே என்று மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ஒரு ராத்திரிதான் இருந்தது.

மறுநாள் பார்க்க வந்தவர்களிடம் அவர் ஆரம்பித்தார். "என்னத்தச் சொல்ல? அவளாத்தான் தப்பாப் படிச்சிட்டா" என்று சுருக்கமாகத்தான் முதலில் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது வளர்ந்தது. "படிச்சுப் படிச்சு சொன்னேன், வாரத்துக்கு ஒண்ணுடீ, வாரத்துக்கு ஒண்ணுடீன்னு. கேட்டாத்தானே?" இரண்டாம் நாள் அட்டையைப் பிடுங்கி ஒளித்துவைத்தது அவர், தேடி எடுத்துத் தின்றது அவள் என்று ஆகிவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஒன்பதாம் நாள் அவர் அதைத் தானே நம்ப ஆரம்பித்திருந்தார். வந்தவர்களில் பாதிப்பேர் அவளிடம் அமிர்தம், நஞ்சு என்று அந்தப் பழமொழியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தர்கூட அவரிடம் சொல்லவில்லை.

அச்சகத்திலிருந்து அந்தச் சின்னப் பெண்ணும் வந்திருந்தாள். கதையை அவளும் முழுசாகக் கேட்டாள். கட்டிலருகே குனிந்து, "அக்கா, நீங்களா? நீங்களா தப்பாப் படிச்சீங்க?" என்றாள். புருஷன் ஜன்னலோரக் குழாயில் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் முதலாளி வந்தார். ஒரு பை ஆப்பிளும் ஆரஞ்சுமாக வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். சிறுநீரகம் எப்படி என்று கேட்டார். கால்வாசி திரும்பி வராது, மாதாமாதம் பார்க்க வேண்டும் என்று புருஷன் சொன்னார். முதலாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சுற்றி வளைத்தார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நம்ம மருந்துக் கம்பெனிக்காரங்க காதுக்கு விஷயம் போயிடுச்சு. மருந்துத் தாள் பாக்கறவங்களே மாத்திரை அட்டையைத் தப்பாப் படிச்சா எப்படின்னு கேக்கறாங்க. அந்த ஏழாவது வரி வேற... நீங்க வாங்க, கண்டிப்பா வாங்க. காலண்டர் இருக்கு, நோட்டுப் புத்தக அட்டை இருக்கு. மருந்து வேலையை மட்டும் அந்தப் பொண்ணு பாக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் ஏற்றின மருந்தெல்லாம் செய்யாத வேலையை அந்தப் பேச்சு செய்தது. மூன்று மாதமாக மப்பாக இருந்த தலை சுத்தமாகத் தெளிந்தது. பதினோரு வருஷத்தை ஒரு பை பழத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறார் மனிதர்.

"நான் தப்பாப் படிக்கலைங்க ஐயா" என்றாள். "சரியாத்தான் படிச்சேன். வாரம் ஒண்ணுன்னு இவர்கிட்ட சொல்லவும் செஞ்சேன். தினமும் ஒண்ணு கையில வெச்சுக் கொடுத்தது இவரு. டாக்டர்கிட்ட நான்தான்னு சொன்னது பொய். இவரைக் காப்பாத்தச் சொன்னேன்."

முதலாளி அவளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். புருஷனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை நல்லதாகப் போயிருக்கும். அவர் பெருமூச்சு விட்டார். எழுந்து வந்து அவள் தோளில் போர்வையைச் சரிசெய்தார். முதலாளி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, அவள் காதிலும் விழுகிற அளவுக்குத்தான் தாழ்த்தி, சொன்னார்:

"கால்சியம் மூளையைத் தொட்டுடுச்சு சார். குழப்பம் கொஞ்ச நாளைக்கு இருக்கும்னு டாக்டரே சீட்டுல எழுதியிருக்காங்க. காட்டட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் சார். எனக்குப் புரியுது" என்றார் முதலாளி.

"ஐயா, நான் தெளிவா இருக்கேன். அந்தப் பொண்ணை மூலத்தை வாசிக்கச் சொல்லுங்க, இப்பவே ஒரு தாள் பாத்துக் காட்டறேன்."

"பாக்கலாம்மா, பாக்கலாம். முதல்ல உடம்பு தேறட்டும்." குழந்தையிடம் பேசுகிற குரல். வாசல்வரை போனவர் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருக்கறதாலதான் சார் அவங்க பிழைச்சாங்க. நல்லாப் பாத்துக்குங்க" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தார். ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தார். "அவர் முன்னாடி அப்படிச் சொல்லலாமா?" என்றார். "நடந்தது என்னன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதாதா?"

ஆக, அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை. ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. தன் புளுகைத் தானே நம்புகிறார் என்று இத்தனை நாளாக அவள் அவருக்காக ஒரு சாக்கு வைத்திருந்தாள். அதுவும் போயிற்று. வயிற்றெரிச்சலில் அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அதையும் டாக்டர் சீட்டில் சேர்த்துக்கொள்வார்.

எழுந்து உள்ளே போய்விடலாம் என்று நாற்காலியின் கைப்பிடியை ஊன்றினாள். முழங்கால் தாங்கவில்லை. மறுபடியும் ஊன்றினாள். அவர் ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்து கையை நீட்டினார். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிடித்துக்கொண்டு எழுந்தாள்.