ரத்தம் சிந்திய மண்

என் அத்தாவுக்கு மலாய் தெரியும் என்று எங்கள் கடை இருந்த சூலியா தெருவே நம்பியது. அவரும் நம்பினார். அதுதான் வினை. விலை, எடை, நல்ல சரக்கு, நாளைக்கு வா: மளிகைக் கடையில் புழங்கிய இவ்வளவுதான் அவருடைய மலாய். அம்மா மலாய்க்காரி. கல்யாணமான புதிதிலேயே அவருக்காகத் தமிழைக் கற்றுக்கொண்டு, எங்கள் எல்லோரையும்விட நன்றாக வம்பளப்பாள். அவளுக்காக அவர் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அம்மாவின் கம்பம், அதாவது அவள் பிறந்த மலாய்க் கிராமம், எங்கள் தீவுக்கு அக்கரையில், பாகான் டாலாமைத் தாண்டி, கடலோரமாக இருந்தது. ஒரு தோட்டக் கம்பெனி எங்கிருந்தோ ஒரு கிராண்ட் பத்திரத்தைக் கொண்டுவந்து, கம்பத்து நிலம் முழுக்க எங்களுடையது, காலி செய்யுங்கள் என்றது. கம்பத்தாரிடம் காகிதம் எதுவும் இல்லை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அங்கேயே பிறந்து அங்கேயே அடங்கியவர்களுக்கு எதற்குக் காகிதம்? ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. என் தாய்மாமா வீடு வீடாகப் போய்ப் பேசினார். யாரும் வீட்டைப் பிரிப்பதில்லை, யாரும் தனியாகக் கம்பெனியிடம் பேசுவதில்லை என்று முடிவானது. மரம் வெட்டக் கூலிக்குக் கூப்பிட்டபோது ஒருவரும் போகவில்லை.

கடைசியில் எல்லோருமாக நில ஆபீசுக்குப் போய்த் துரையிடமே சொல்லிவிடுவது என்று கிளம்பினார்கள். துரை சீமையிலிருந்து புதிதாக வந்தவர், மலாய் பிடிபடவில்லை. அத்தாவிடம் கப்பல்காரர்களிடம் பொறுக்கிய இங்கிலீஷ் கொஞ்சம் இருந்தது. “நம்ம வீட்டு மாப்பிள்ளை இருக்கும்போது மொழிபெயர்க்க வேற ஆள் எதுக்கு?” என்றார் மாமா.

பெண்கள் நாங்கள் வராந்தாவில் நின்றோம். மாமா நிதானமாகத்தான் பேசினார். முடிக்கும்போது நெஞ்சில் கை வைத்து, இது எங்கள் ‘தானா தும்பா டாரா’ என்றார். அத்தாவின் முகம் வெளுத்துவிட்டது. தயங்கித் தயங்கி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். போலீஸ்காரர்கள் வந்து மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அம்மா அத்தாவைப் படியிலேயே மறித்தாள். “என்ன சொன்னீங்க?”

“மச்சான் சொன்னதைத்தான்லா சொன்னேன். தானான்னா மண்ணு. தும்பான்னா சிந்துறது. டாரான்னா ரத்தம். இந்த மண்ணுல ரத்தம் சிந்தும்னாரு. எனக்கே பகீர்னு ஆயிடுச்சு.”

அம்மா சத்தம் போடவில்லை. “பிள்ளை பெறும்போது தாயோட ரத்தம் விழுந்த மண்ணுங்க அது. பிறந்த மண்ணுன்னு அர்த்தம். இவளை நான் அங்கதான் பெத்தேன். இவ நஞ்சுக்கொடியைப் புதைச்சு, மேல தென்னம்பிள்ளை வச்சாங்க. நீங்க அன்னைக்குக் கடையில இருந்தீங்க.”

அத்தா திரும்ப உள்ளே ஓடினார். துரை காது கொடுக்கவில்லை. ஆளைக் காப்பாற்றப் பேச்சை மாற்றுகிறான் என்று நினைத்திருப்பார். இனிமேல் கம்பத்தார் கூட்டம் கூடக் கூடாது என்று கைநாட்டு வாங்கிக்கொண்டுதான் மாமாவை விட்டார்கள். கூடாமல் எப்படிச் சேர்ந்து நிற்பது? கம்பெனி ஒவ்வொரு வீடாகப் பேசியது. ஒவ்வொரு வீடாகப் பிரிந்தது. நல்ல காய்ப்பில் இருந்த என் தென்னையும் போனது.

அதற்குப் பிறகு அம்மா தமிழ் பேசவில்லை. சண்டையில்லை, சாபமில்லை, சோறு நேரத்துக்கு வந்தது. பேச்சு மட்டும் கம்பத்து மலாய், கடை மலாய்க்கு எட்டாத மலாய். “உங்கம்மா என்னம்மா சொல்றா?” என்று அத்தா என்னைக் கேட்பார். வீட்டுக்குள்ளேயே நான் துபாஷி ஆனேன். அவர்மேல் கோபமாக இருந்த நானே அவருக்காகப் பரிதாபப்படவும் வேண்டியிருந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஒரு மத்தியானம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா தட்டைப் பார்த்தபடி மலாயில் சொன்னாள்: நான் கண்ணை மூடினால் என்னை எந்த மண்ணில் வைப்பார் என்று இவரைக் கேள்.

அத்தா சோற்றில் வைத்த கையோடு என்னைப் பார்த்தார். “என்ன சொல்றா?”

“மீன் குழம்புல உப்பு பத்தலையாம், அத்தா.”

அம்மாவுக்குத் தமிழ் தெரியும் என்பதை அந்த வீட்டில் யாரும் மறந்துவிடவில்லை. அத்தா உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்துத் தன் குழம்பில் போட்டுக்கொண்டாள்.