மீட்டருக்கு வைத்த கண்

இன்று காலை மேஜையில் விரித்திருந்த செய்தித்தாளின் மேல் காபி கொட்டிவிட்டது. கொட்டினவள் நான்தான், துடைக்க வேண்டியவளும் நான்தான். ஆனால் துணி எடுக்கப் போகாமல் அது பரவுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனை விற்பனை விளம்பரத்தின் மேல் பழுப்பு நிறம் மெல்ல நகர்ந்து, ஓரத்தில் கொஞ்சம் கருத்து, ஒரு இடத்தில் நின்று யோசித்துவிட்டு வேறு பக்கம் கிளம்பியது. "துடைக்காம என்ன வேடிக்கை பாக்கற?" என்றார் கணவர். "மலை மாதிரி வருது பாருங்க" என்றேன். அவர் தன் செருப்பைத் தேடப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு காலத்தில் இந்த வீட்டில் தலையணை உறை வரைக்கும் வாட்டர்கலர் ஒட்டியிருந்தது.

அப்போது அடையாறில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கோடு போடவேண்டும். கோடு என்றால் இன்னொரு கோட்டில் போய் முட்டியே ஆகவேண்டும். மூலையில் மயிரிழை இடைவெளி விட்டாலும் மேலதிகாரி கண்டுபிடித்துவிடுவார். பத்து வருஷம் இப்படியே ஓட்டினால் கை என்ன ஆகும்? தட்டில் விழுந்த முருங்கைக்காயைக்கூட வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் சாப்பிடுவேன். அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல்தான் பக்கத்து இருக்கை ஷாஹிதா ஒருநாள் மதியம் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். யாரோ ஒரு பெண்மணி ஈரத் தாளில் நாலு பொட்டு வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முயலாகிவிட்டது.

ஷாஹிதாவின் குடும்பம் நாலைந்து தலைமுறையாக மயிலாப்பூர். வீட்டில் உருது, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். "நாம கத்துக்கறோம் டீ" என்றாள். கத்துக்கொடுக்க ஆள் யாரும் இல்லை. போனும், தி. நகரில் வாங்கின ஒரு பெட்டி வண்ணமும், ஞாயிற்றுக்கிழமைக் காலையும்தான். முறை ரொம்ப எளிது. முதலில் தாளைத் தண்ணீரால் நனைக்கவேண்டும். ஈரத்தில் வண்ணத்தை வைக்கவேண்டும். வைத்ததும் கையை எடுத்துவிடவேண்டும். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இதில் அந்த மூன்றாவது இருக்கிறதே, அது எனக்குக் கடைசிவரை வரவே இல்லை.

சித்திரக்குளத்தை வரையப் போனோம். ஷாஹிதாவின் தாளில் பச்சையும் சாம்பலுமாகக் குளம் ததும்பியது. நான் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "அல்லாவே, படிய எண்ணுறா பாரு! அளவு வேற எழுதப் போறியா?" என்றாள். எழுதத்தான் நினைத்தேன், உங்களிடம் மறைப்பானேன். அடையாற்று முகத்துவாரத்துக்குப் போனோம். அவளுக்கு இரண்டே இழுப்பில் கூழைக்கடாப் பறவை வந்து உட்கார்ந்தது. என் கூழைக்கடா மூக்கு முளைத்த தண்ணீர்த் தொட்டி. சைதாப்பேட்டையில் ஒரு ஆடு என் படத்தின் மூலையைக் கடித்துத் தின்றது. என் ஓவியத்துக்குக் கிடைத்த முதல் நல்ல வரவேற்பு அதுதான்.

ஈரம் காய்வதற்குள் எனக்கு உயிர் போய்விடும். எழுந்து நடப்பேன், உட்காருவேன், நகத்தைக் கடிப்பேன், 'இங்கே மட்டும் லேசாக' என்று தூரிகையை எடுப்பேன். ஒரு தரம் தொட்டால் பத்து தரம் தொடாமல் விடமாட்டேன். கடைசியில் தாளில் மிஞ்சுவது சாக்கடைத் தண்ணீர்.

ஆடு ஓடுகிறது, காக்கை பறக்கிறது, அசையாத ஒரு பிராணி வேண்டும் என்று தேடியபோதுதான் மீட்டர் கிடைத்தது. மந்தைவெளியில் எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டின் கறுப்பு நாய். எந்நேரமும் படுத்தே கிடக்கும், ஓடவே ஓடாது. மெட்ராஸ் ஆட்டோவின் மீட்டரை அறிந்தவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பெயரை வைத்தவர் டில்லி அண்ணன், ஸ்டாண்டில் முதல் வண்டியை ஓட்டியவர். குட்டியாக இருந்தபோது மழையில் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பின் சீட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டவரும் அவர்தான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் வந்ததும் தனக்கு டீ, அதற்கு இரண்டு பன். பன் தின்று முடிக்கும்வரை எந்தச் சவாரிக்கும் வரமாட்டார். எனக்கே ஒருதரம் ஆஸ்பத்திரி அவசரம், வரவில்லையே!

நாலு ஞாயிறு வரைந்தேன். கறுப்பு நாயை வரைவது கஷ்டம் என்பது வரைந்தால்தான் தெரியும். முடி முடியாக இழுத்தேன். "இன்னாம்மா, கரடி மாரி கீது?" என்றார் டில்லி அண்ணன். இன்னொன்றைப் பார்த்து, "இது எங்க வண்டி ஓனரு" என்றார்.

ஐந்தாவது ஞாயிறு தாளை நனைத்து, நீலமும் பழுப்பும் கலந்து ஒரே ஒரு பூச்சுப் பூசியிருந்தேன். திடீரென்று தூறல். டீக்கடைக் கூரைக்கு ஓடுவதற்குள் தாளில் பத்துப் பதினைந்து சொட்டு விழுந்துவிட்டது. வண்ணம் விலகிக்கொண்டு ஓடியது. போச்சு என்று நினைத்துக் கீழே வைத்தேன். ஷாஹிதா என் கையைப் பிடித்தாள். தாளில் மீட்டர் படுத்திருந்தது. முதுகின் பளபளப்பு, ஒரு காது மட்டும் தூக்கல், முன்னங்கால் பாதியிலேயே கரைந்து தரையோடு தரையாக. கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஈரக் கறுப்பு. நிஜ மீட்டருக்கும் அப்படித்தான், எப்போதும் அரைத்தூக்கம், கண்ணை யார் பார்த்தார்கள்? டில்லி அண்ணன் குனிந்து பார்த்தார். கிண்டல் எதுவும் வரவில்லை. "தூங்குறான்" என்றார், சத்தம் போட்டால் விழித்துக்கொள்ளும் என்பதுபோல. "இதுல கை வெச்ச, கொன்னுடுவேன்" என்றாள் ஷாஹிதா என்னிடம்.

ஒரு மாதம் கை வைக்கவில்லை. அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பீரோவின் மேல் படம் சாய்ந்திருக்கும். பால் காய்ச்சும்போது போய்ப் பார்ப்பேன். கால் இல்லை. துணி மடிக்கும்போது பார்ப்பேன். கண் இல்லை. போட்டோ எடுத்து வைத்திருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். முடிக்காத படத்தை எவராவது போட்டோ எடுப்பார்களா என்பது அன்றைய என் புத்தி.

ஒரு சனிக்கிழமை காலை டில்லி அண்ணன் வாசலில் நின்றார். "நம்ம மீட்டரு பூட்டாம்மா" என்றார். படுத்த இடத்திலேயே போய்விட்டதாம். மறுநாள் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கவேண்டும், ஆளுக்கு வைக்கிற மாதிரியே. எங்கள் பக்கம் நாய்க்கு வைப்பதும் உண்டுதான். ஆனால் படம்? போனை நீட்டினார். பத்துப் பதினைந்து போட்டோ. எல்லாம் ஆட்டோவுக்கு அடியில் ஒரு இருட்டு. "ஒண்ணுத்துலயும் மூஞ்சி தெர்ல. மழத்தண்ணி பட்டதே, அத்தக் குடும்மா. சாய்ங்காலம் ஃப்ளெக்ஸ் கடைல குடுக்கணும்."

"இதோ, ஒரு அரைமணி நேரத்துல தரேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தக் கணமே எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் பீரோவின் மேலிருந்து படத்தை இறக்கி மறுபடி பார்த்தேன். நாலு பேர் போகிற தெருவில், கண் இல்லாத, கால் இல்லாத படத்தை மாலை போட்டு வைப்பார்கள். சிரிப்பார்களே! அந்த மனுஷன் முகத்துக்கு நேராகச் சிரிப்பார்களே! ஒரு கண் மட்டும், ஒரே ஒரு கண். மீட்டரின் கண் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. இணையத்தில் தேடினேன். ஏதோ வெளிநாட்டு நாய், உருண்டைக் கண், நடுவில் வெள்ளைப் பொட்டு. அதைப் பார்த்து ஒரு கண் வைத்தேன். காய்ந்த தாளில் ஈரம் பரவவில்லை, கண் ஒட்டவைத்த மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. அதைச் சரிக்கட்ட இன்னொரு கண். கண்ணுக்குத் தக்க மூக்கு. பிறகு கால், கோட்டோடு கோடு முட்டும்படி. நிமிர்ந்து பார்த்தபோது தாளில் ஒழுங்கான நாய் ஒன்று இருந்தது. மீட்டர் இல்லை.

டில்லி அண்ணன் வாங்கிப் பார்த்தார். "கண்ணு முழிச்சிக்கினான்" என்றார். பிறகு, "நல்லா கீதும்மா" என்றார்.

பேனர் எழுந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. "யார் வீட்டு நாய்?" என்றுதான் கேட்டார்கள். தினமும் அதன் மேல் கால் படாமல் தாண்டிப் போனவர்களே கேட்டார்கள். ஷாஹிதா வந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இது வேற படம் டீ. அது எங்க?" என்றாள். நான் பேனரின் கயிற்றைச் சரிசெய்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அதன்பிறகும் ஞாயிறுகள் வந்தன, நாங்கள் போகவில்லை. எனக்குத் தூரிகையைப் பார்த்தாலே கை கூசியது, இன்றுவரை கூசுகிறது.

இப்போது அந்தத் தெருமுனையில் மெட்ரோ வேலைக்கு நீலத் தகரம் அடைத்திருக்கிறார்கள். ஸ்டாண்டும் இல்லை, டீக்கடையும் இல்லை. ஷாஹிதா கல்ஃபில் இருக்கிறாள், பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பினால் பதில் வரும். அலுவலகம் பெருங்குடிக்குப் போய்விட்டது. போன மாதம் ஆட்டோ புக் செய்தபோது வந்து நின்றவர் டில்லி அண்ணன். தலை நரைத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு. பேசிக்கொண்டே போனோம். அடையாறு தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மீட்டரு மூஞ்சியே மறந்து பூச்சும்மா. போனப் பாத்தா இருட்டா கீது. ஆனா கண்ண மூடினா அந்த ரெண்டு கண்ணு மட்டும் அப்டியே வந்து நிக்குது. நீ வெச்ச கண்ணு. நீ மட்டும் வரயலன்னா அதுவும் இருந்துருக்காது."

நன்றியாகத்தான் சொன்னார். அந்த நாயைத் தன்னுடையதாக நினைத்துக்கொள்ள உலகத்தில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர். அவருடைய நினைப்பிலும் இப்போது மீட்டர் இல்லை. எந்த ஊரிலோ யார் வீட்டிலோ வளர்ந்த ஒரு நாய் அங்கே விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ஆமாண்ணே" என்றேன்.