பக்கத்தில் நின்றால் சரி, தள்ளிப் போனால் கோணல்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் வாயில் வருவது புகார்தான். ஈரத் துண்டைக் கட்டில் மேலேயே போடுவாள். பேனா வாங்கிய அன்றே மூடியைத் தொலைப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ வரேன் அண்ணி" என்பாள். அந்த 'இதோ' முடிவதற்குள் சாப்பாடு ஆறி, என் பொறுமையும் தீர்ந்துபோயிருக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டால்தான் எனக்கு மற்றதைச் சொல்ல மனசு வரும். இன்று நான் நாலு பேர் மத்தியில் தலை நிமிர்ந்து வேலைக்குப் போய் வருகிறேன் என்றால் அது அவள் புண்ணியம்.

குழந்தை பிறந்த பிறகு நான் வீட்டோடு கிடந்த காலம் அது. பேச ஆளில்லாமல் குக்கரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஓர் அலுமினிய ஜன்னல் கம்பெனியில் டிராப்டிங், அதாவது கம்ப்யூட்டரில் ஜன்னல் படம் வரையும் வேலை பார்த்தாள். கீழே பட்டறை, மேலே கம்ப்யூட்டர் அறை. வரைந்த படங்களைச் சரிபார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளியிடம் நேராகப் போய், "எங்க அண்ணியைப் போட்டுப் பாருங்க சார். வீட்ல ஒரு தப்பு அவங்க கண்ணுக்குத் தப்பாது. நான் அஞ்சு வருஷமா அனுபவிக்கிறேன்" என்றாளாம். சிபாரிசு செய்தாளா, கோள் மூட்டினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலை கிடைத்தது.

அன்று முதல் அவள் வரைவாள். நான் அச்செடுத்து, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து குறை கண்டுபிடிப்பேன். வீட்டில் சும்மா செய்ததை அங்கே சம்பளத்துக்குச் செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு அவள் வலது மணிக்கட்டு மக்கர் செய்ய ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி மரத்தது. அப்புறம் டம்ளர் பிடிக்க முடியவில்லை. டாக்டர் கைக்குப் பட்டை மாட்டிவிட்டு, "மௌஸைப் புடிச்சுக்கிட்டு நாள் பூரா கிளிக் பண்றதை நிறுத்துங்க. இல்லைன்னா ஆபரேஷன்தான்" என்றார். ஒரு ஜன்னல் வரைய எத்தனை கிளிக் என்று அவருக்குத் தெரியாது. சட்டத்துக்கு, கண்ணாடிக்கு, பூட்டுக்கு, அளவுக்கு என்று கை ஓயாது.

முதலாளி நல்ல மனுஷர். "ரிசப்ஷன்ல வந்து உட்காரும்மா. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்" என்றார். இவள் தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணி, நாள் முழுக்க ஹலோ ஹலோன்னு சொல்லிக்கிட்டு என்னால உட்கார முடியாது. எனக்குத் தெரிஞ்சது வரையறது ஒண்ணுதான்" என்றாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. இடது கையால் ஒரு சட்டையை மடித்தாள். அது பந்து மாதிரி இருந்தது. நான் அதைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட ஆர்டர் வந்தது. எல்லாம் ஒரே மாதிரி ஜன்னல், அளவு மட்டும் வேறு வேறு. "மாசக் கடைசிக்குள்ள இதை முடிக்க முடியுதான்னு பாரு. முடியலைன்னா வேற ஆளைப் போட்டுட்டு நீ ரிசப்ஷனுக்குப் போயிடு" என்று முதலாளி கெடு வைத்தார்.

அவள் திரையின் அடியில் ஓடும் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாம் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளையும் அங்கே எழுத்தாக விழும். "நான் தினமும் இதையேதான் செய்யறேன் அண்ணி. இதை அப்படியே எழுதி வச்சுட்டா அதுவே வரைஞ்சுக்காதா?" என்றாள். வரைந்துகொள்ளுமாம். அதற்குப் பெயர்தான் மேக்ரோ. அந்த வரிகளைப் பிரதி எடுத்து, தப்பாகத் தட்டியதை நீக்கி, அளவு வரும் இடத்தில் 'அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு' என்று அதுவே கேட்கும்படி செய்ய வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். வாயில் வந்ததையே பெயராக வைத்தாள். ஆங்கில எழுத்தில் 'வா' என்று தட்டினால் சட்டம் வரும். 'துடை' என்றால் மிச்சக் கோடுகள் போய்விடும். மௌஸைத் தொடாமல், இடது கையாலேயே ஒரு முழு ஜன்னல் எழுந்து நின்றபோது அவள் சிரித்த சிரிப்பு கீழே பட்டறை வரை கேட்டிருக்கும்.

முதல் கட்டுத் தாள் அச்சாகி வந்தது. பேனாவைத் திறந்தேன். மழைத் தண்ணீர் வடிய அடிச்சட்டத்தில் இரண்டு துளை இருக்க வேண்டும், மூலையிலிருந்து கொஞ்சம் தள்ளி. எல்லாத் தாளிலும் அவை மூலையிலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படியே துளை போட்டால் இணைப்பு பிளந்து, தண்ணீர் வகுப்பறைச் சுவருக்குள்தான் இறங்கும்.

அடுத்த சீட்டு மூத்த டிராப்ட்ஸ்மேன் எழுந்து வந்தார். "கையால செய்யறது கையால செய்யறதுதான்மா" என்றார். அவர் எதிரிலேயே ஓட்டிக் காட்டினாள். துளை சரியான இடத்தில் விழுந்தது. அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மறுபடி ஓட்டினாள். மூலை. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாமல் என் வீட்டுக்காரர் மேல் காட்டினேன். "உங்க அண்ணன் மாதிரியே இருக்கு இந்தச் சனியன். பக்கத்துல நின்னு பார்த்தா ஒழுங்கா பாத்திரம் தேய்ப்பாரு. தள்ளிப் போனா அத்தனையும் கோணல்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"

"உங்க அண்ணனைச் சொன்னேன். சொல்லக் கூடாதா?"

"இல்ல அண்ணி. பக்கத்துல, தள்ளி. அடுத்த சீட்டு சாருக்குக் காட்டும்போது துளை தெரியணும்னு படத்தைக் கிட்டத்துல பெருசாக்கி வச்சிருந்தேன். அவர் போனதும் முழு ஜன்னலும் தெரியற மாதிரி சின்னதாக்கிட்டேன்."

அதன் பிறகு அவள் விளக்கியது எனக்கே புரிந்தது. மென்பொருளில் ஸ்னாப் என்று ஒன்று இருக்கிறது. நாம் வைக்கும் புள்ளிக்கு அருகில் ஒரு மூலை தெரிந்தால் அதுவே இழுத்து அந்த மூலையில் ஒட்டிவிடும். கையால் வரைபவருக்கு அது பெரிய உபகாரம். மேக்ரோவுக்கோ வினை. படம் சின்னதாகத் தெரியும்போது துளையும் மூலையும் அடுத்தடுத்து நிற்பதால், நாம் சொன்ன அளவை விட்டுவிட்டு மூலையைப் பிடித்துக்கொண்டது. ஆரம்பத்தில் ஸ்னாப்பை நிறுத்து, முடிந்ததும் பழையபடி போடு என்று இடது கையால் அவளே தட்டி மேக்ரோவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு கிட்டத்தில் வைத்தும் தள்ளி வைத்தும் ஓட்டினோம். துளை அசையவில்லை.

ஆர்டர் கெடுவுக்குள் முடிந்தது. ரிசப்ஷனுக்கு வேறு ஆள் வந்தார். கை முழுக்கக் குணமாகவில்லை. ஆனால் டம்ளர் பிடிக்கிறாள், ஆபரேஷன் பேச்சு இல்லை. அவள் நாற்காலியில் அவளே உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே என் இடத்துக்குப் போகும் ஒவ்வொரு காலையிலும் நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.

சில மாதம் கழித்து மூத்தவரே வந்து, "அந்த மேக்ரோவை எனக்கும் போட்டுக் குடும்மா" என்றார். காப்பி செய்து கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஓட மாட்டேங்குதேம்மா. 'அண்ணி'யைக் காணோம், அது இல்லாம முடியாதுன்னு நிக்குது."

நான் நிமிர்ந்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஸ்னாப்பை நிறுத்தறதுக்குத் தனியா 'அண்ணி'ன்னு ஒரு மேக்ரோ இருக்கு சார். அதைக் குடுக்க மறந்துட்டேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் எழுதின எல்லாமே முதல்ல அதைத்தான் கூப்பிடும். அண்ணியைக் கூப்பிட்டுட்டு ஆரம்பிச்சா எனக்கு எதுவும் கோணலாகாது."

வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள். கையால் அவஸ்தைப்பட்டவள் அவள். கூப்பிடுவது மட்டும் என்னை. சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. டப்பாவைத் திறந்து அவளுடைய இடது கைக்கு எட்டுகிற பக்கத்தில் வைத்தேன்.

"சாப்பிட வா" என்றேன்.

"இதோ வரேன் அண்ணி" என்றாள்.

ஆறினால் ஆறட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.