ராகு காலத்துக்கு முன் ஒட்டிய மேசை

இரண்டு பலகைகளை முகத்தோடு முகம் சேர்த்து, விளிம்புகள் மேலே தெரிய வைஸ் பிடியில் முடுக்கிவிட்டு, சிவநேசன் இழைப்புளியைக் கையில் எடுக்கிறார். கார் தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. அது நிற்க வேண்டிய போர்ச்தான் அவருடைய பட்டறை. சுங்கை பூலோவின் இந்தத் தாமான் குடியிருப்பில் சொந்த வீட்டு நிழலுக்குக் கொடுத்துவைக்காத கார் அது ஒன்றுதான்.

"ரெண்டு விளிம்பையும் ஒண்ணாச் சீவணும் லா. கை கொஞ்சம் சாய்ஞ்சாலும் ஒண்ணை இன்னொண்ணு சரிக்கட்டிடும்" என்பார், கேட்காதவர்களிடமும். சீவி முடித்ததும் ஒரு பலகையின் விளிம்பின் மேல் மற்றதை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பார். நடுவில் கீற்றாக ஒளி தெரிந்தால் மறுபடியும் இழைப்புளி. தெரியாவிட்டால் பசை. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மர வேலையைக் கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆனால் ராகு காலத்தில் பசை போடக்கூடாது என்று எந்த வீடியோவும் அவருக்குச் சொல்லவில்லை. அது அவரே சேர்த்துக்கொண்டது.

"பலகைக்கு என்ன கல்யாணமா பண்றீங்க?" என்று மனைவி புஷ்பவல்லி கிண்டல் செய்வார்.

"சேர்த்து வைக்கிற காரியம் எல்லாம் கல்யாணந்தான்."

இந்தக் கொள்கைதான் போன தீபாவளிக்கு முன்பு அவரைக் கவிழ்த்தது. ஓபன் ஹவுஸ் விருந்துக்கு வருகிறவர்களைப் புது மேசையில் உட்காரவைப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பலகைகளைத் தூக்கிப் பார்த்தபோது, நட்ட நடுவில் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. இன்னொரு முறை சீவினால் ராகு காலம் வந்துவிடும். மறுநாளைக்குத் தள்ளிப்போட மனம் வரவில்லை. பசையைப் பூசி, இடைவெளி மூடும்வரை கிளாம்பை வெறி பிடித்ததுபோல் முடுக்கினார். மூடியது. பிதுங்கிய பசையைத் துடைத்துவிட்டு, தன்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வலுக்கட்டாயமாக இழுத்து ஒட்டிய பலகை எத்தனை நாள் பொறுக்கும்? தீபாவளியன்று பக்கத்து வீட்டு லெட்சுமி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலைக்கடியில் மேசை வாய் பிளந்தது. இலையோரம் வழிந்த ரசம் அந்த வழியாக இறங்கி அவருடைய புதுச்சேலையை நனைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிவநேசனும் சேர்ந்து சிரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"மரம் ஈரம். ரவாங் பாலன் குடுத்தது. நம்பி வாங்கிட்டேன், பாருங்க" என்றார். பாலன் ரவாங்கில் மரக்கடை வைத்திருப்பவர். நல்ல பலகையாகப் பார்த்து இவருக்கென்று எடுத்துவைக்கிற மனிதர்.

சேலை போன வருத்தத்தில் லெட்சுமி அந்தப் பேச்சைக் கோயில் வரைக்கும் கொண்டுபோனார். புதுக் கதவுகளுக்குப் பாலனிடம் மரம் வாங்குவதாக இருந்த கோயில் கமிட்டி வேறு கடைக்குப் போய்விட்டது. அதைக் கேட்ட நாளிலிருந்து சிவநேசனுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் ஆளைப் பிடுங்கித் தின்றது. இழைப்புளியை எடுப்பார், கீழே வைப்பார். கோயிலுக்குப் போனால் வேலை நடக்கும் வாசலைத் தவிர்த்துப் பக்கத்து வழியாக நுழைவார்.

நேற்று காலை பாலனின் லோரி வீட்டு வாசலில் வந்து நின்றது. தோளில் ஒரு மெராந்தி மரப் பலகையோடு இறங்கினார்.

"மன்னிச்சுருங்கண்ணே. நல்லாக் காயவெச்ச மரந்தான். எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியல. இதை வெச்சுக்குங்க. கோயில்லயும் என்னைத் தப்பா நெனச்சுட்டாங்க, அதான் மனசே கேக்கல."

செய்யாத தப்புக்கு வந்த அந்தப் பலகையை ஏற்க மனம் வராமல், சிவநேசன் அதைப் பாலனின் தோளிலிருந்து இறக்கினார். திரும்ப லோரிக்கே கொண்டுபோய் வைத்து, கயிற்றை இழுத்துக் கட்டத் தொடங்கினார்.

பாலனின் முகம் சுருங்கிவிட்டது. "இதுவும் சரியில்லையாண்ணே?"

பாலன் தலையைக் குனிந்துகொண்டு லோரிக் கதவைத் திறந்தார். சிவநேசன் எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏறாதீங்க பாலன், இருங்க." பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "வல்லி, அடுப்பை அணைச்சுட்டு வெளிய வா!" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த லெட்சுமி நிமிர்ந்து பார்த்தார்.

"லெட்சுமி அக்கா, நீங்களும் வாங்க. அந்த மேசையைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

இருவரும் வந்து எதிரில் நிற்கும்வரை அவர் பாலனின் கையை விடவில்லை.