கருப்பட்டியின் கடைசித் துண்டு

பதுளைக்குப் பக்கத்தில், ஹாலிஎல ரயில் கடவையில் கேட் போடுகிறவர் ஒருவர் இருந்தார். பித்தான் ஒன்றுகூட மிச்சமில்லாத காக்கிக் கோட்டை இடுப்பில் கயிற்றால் கட்டியிருப்பார். எழுபதுகளின் சீனித் தட்டுப்பாட்டுக் காலம் அது. கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந் தேத்தண்ணி குடிப்போம். கேட்டில் யார் நின்றாலும் தன் துண்டை உடைத்துப் பாதியை நீட்டுவார்.

நான் பதுளையில் கோடு, வட்டம், முக்கோணம் என்று கேத்திரகணிதம் படிப்பித்தவன். ஒரு மாலை மழைக்கு அவருடைய காவல் கூண்டுக்குள் ஒதுங்கியபோது கோபத்தில் இருந்தேன். எபிகூரியர்கள் என்ற பழைய கிரேக்கத் தத்துவக்காரர்கள் கேத்திரகணிதத்தையே வேண்டாமென்று தள்ளியதாக அன்றுதான் படித்திருந்தேன். எதையும் முடிவில்லாமல் கூறுபோட முடியாது, ஓரிடத்தில் நின்றுவிடும் என்றார்களாம். மனுசன் பயத்தைப் போக்காத படிப்பு எதற்கு என்றும் கேட்டார்களாம்.

எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். "பாதி, பாதியில பாதி, அதிலயும் பாதி. எங்கயாவது நிக்குமா, சொல்லுங்க?"

அன்று அவரிடம் புளியங்கொட்டை அளவு கருப்பட்டிதான் இருந்தது. உடைக்கப் போனவர் கையை நிறுத்தினார்.

"நிக்குங்க மாஸ்டர். இதுக்கு மேல ஒடச்சா ரெண்டு பேருக்குமே இனிக்காது."

முழுத் துண்டையும் என் கையில் வைத்தார். நானும் வெட்கமில்லாமல் வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூளை நக்கிவிட்டு, கண்ணை மூடித் தேத்தண்ணியைக் குடித்தார். அந்தத் தூள் எப்படி இனித்திருக்கும்? ஆனால் அவர் முகத்தில் இனிப்பு இருந்தது. நான் பார்த்தேன்.